சமூக சேவைத் தண்டனை கொடுத்தாயிற்று, மறுநாள் காலை யாரிடம் போய் நிற்பது?

கேள்வி இதுதான்: "இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை என்று ஒரு தண்டனை வந்திருக்கிறது. இதை யார் நடத்துவார்கள், எப்படி நடத்துவார்கள்? சிறைகளில் கூட்டம் குறையுமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடலாம். இப்போதிருக்கும் வடிவத்தில் குறையாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர். சமூக சேவை தீர்ப்புக்குப் பிறகு வரும் தண்டனை. இவர்கள் தீர்ப்புக்கு முன்பே, ஜாமீன் கிடைக்காமலோ, கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமலோ உள்ளே இருப்பவர்கள். இவர்களுக்கும் புதிய தண்டனைக்கும் சம்பந்தமே இல்லை.

மீதி ஒரு பங்குக்காவது பயன்படுமா என்றால், எந்தெந்தக் குற்றத்துக்கு என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தில் ஆறே குற்றங்களுக்குத்தான் சமூக சேவை உண்டு. அரசு ஊழியர் சட்டவிரோதமாக வியாபாரம் செய்வது (பிரிவு 202), தேடப்படுபவர் என்று நீதிமன்றம் பிரகடனம் செய்தும் ஆஜராகாமல் இருப்பது (209), அதிகாரியைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது (226), 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு (303), குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்வது (355), அவதூறு (356). இந்தப் பட்டியலில் பழைய சட்டப்படி எத்தனை பேர் நிஜமாக ஜெயிலுக்குப் போயிருப்பார்கள்? குடித்துவிட்டுத் தகராறு செய்தவருக்கு மிஞ்சிப்போனால் 24 மணி நேரம். அவதூறு வழக்கில் தண்டனை வாங்கி உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் அபூர்வம். அரசு ஊழியர் வியாபாரம் செய்ததற்குத் துறை நடவடிக்கைதான் வரும், கிரிமினல் வழக்கு வருவதை யாரும் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் குடித்துவிட்டுத் தெருவில் கத்துபவர் மீது விழுவதும் பெரும்பாலும் இந்த 355 அல்ல. சென்னையில் அது நகரக் காவல் சட்டத்தின் 75ஆவது பிரிவு. பெட்டி கேஸ், அபராதம், கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தச் சட்டத்தில் சமூக சேவைக்கு இடமில்லை.

உருப்படியாக இருப்பது திருட்டுப் பிரிவு ஒன்றுதான். முதல் முறை தண்டிக்கப்படுபவர், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவைதான், வேறு தண்டனை கிடையாது. மற்ற ஐந்திலும் 'சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை' என்று மாஜிஸ்திரேட்டின் விருப்பத்துக்கு விட்ட சட்டம், இங்கே மட்டும் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தத் 'திருப்பிக் கொடுத்தால்' என்ற நிபந்தனையில் ஒரு முள் இருக்கிறது. செல்போனைத் திருடியவர் செல்போனைத் திருப்பித் தரலாம். மளிகைக் கடையில் அரிசி மூட்டையைத் தூக்கியவர், அரிசி வெந்து வயிற்றுக்குள் போன பிறகு எதைத் திருப்பித் தருவார்? கையில் காசில்லாதவர் இந்தச் சலுகைக்கு வெளியே நின்றுவிடுகிறார். இலவச சட்ட உதவியில் வரும் வழக்கறிஞர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். யார் நடத்துவது?

சட்டம் இதற்குப் பதில் சொல்லவில்லை. குற்றவியல் நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆவது பிரிவில் ஒரே ஒரு விளக்கம் இருக்கிறது: சமூகத்துக்குப் பயன்படும் வேலை, நீதிமன்றம் தண்டனையாகச் செய்யச் சொல்வது, சம்பளம் கிடையாது. அவ்வளவுதான். எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வை, வராவிட்டால் யார் நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது, வேலையில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் மாநிலங்களின் தலையில் விடப்பட்டிருக்கிறது. ஹரியானா 2025இல் தனியாக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அப்படி எதுவும் இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் தன் மனத்துக்குத் தோன்றியதை எழுதுவார், அது நடந்ததா இல்லையா என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார். பிறகு 'இதெல்லாம் நம் ஊருக்குச் சரிப்படாது' என்று அபராதத்துக்கே திரும்பிவிடுவார்கள்.

நம் ஊருக்குச் சரிப்படாது என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஜிம்பாப்வேயை. பணக்கார நாடல்ல. 1990களின் தொடக்கத்தில் அங்கே சிறைகளில் ஏறத்தாழ 16,000 பேருக்கு இடம் இருந்தது, அடைத்திருந்தது 22,000 பேரை. யாரை அடைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆறு மாதமோ அதற்கும் குறைவாகவோ தண்டனை பெற்றவர்கள். அதிலும் பலர் அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே வந்தவர்கள். 1992இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அத்தோடு நிற்காமல், நீதிபதி பேடிங்டன் கார்வே தலைமையில் சமூக சேவைக்கென்று ஒரு தேசியக் குழு, அதற்குக் கீழே மாஜிஸ்திரேட்டுகளைத் தலைவராகக் கொண்ட மாவட்டக் குழுக்கள் என்று அமைத்தார்கள். அடுத்த ஐந்து வருடத்தில் சிறை எண்ணிக்கை 18,000 பக்கம் இறங்கியது. 1997இல் கடோமா என்ற ஊரில் இதைப் பற்றி ஒரு சர்வதேச மாநாடே நடந்தது. அடுத்த வருடம் கென்யா தனிச் சட்டம் கொண்டுவந்தது, 2000இல் உகாண்டா.

அவர்கள் செய்ததில் நான் மெச்சுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, வரிசை. மாஜிஸ்திரேட் முதலில் சிறைதான் சரியா என்று முடிவு செய்ய வேண்டும். சிறை என்றால் எத்தனை மாதம் என்று தீர்மானிக்க வேண்டும். அந்தக் காலம் குறுகியதாக இருந்தால்தான் சமூக சேவைக்கு மாற்ற வேண்டும். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது இங்கிலாந்தைப் பார்த்தால் தெரியும். அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1973இல் ஆறு பகுதிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள், 40 மணி முதல் 240 மணி வரை. சில வருடங்கள் கழித்து உள்துறையின் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, சமூக சேவை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் சிறையிலிருந்து தப்பியவர்கள். மற்றவர்கள் எப்படியும் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள், அபராதமோ நன்னடத்தைக் கண்காணிப்போ கிடைத்திருக்கும். இது வெறும் புள்ளிவிவரச் சிக்கல் அல்ல. அபராதத்தோடு போயிருக்க வேண்டியவருக்குச் சமூக சேவை கொடுத்து, அவர் நாலு நாள் வராமல் போய், அதற்காகச் சிறைக்கு அனுப்பினால், சிறையைக் குறைக்க வந்த திட்டமே ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. நம் ஆறு குற்றப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை படித்தால் இந்த ஆபத்து கண்ணில் படும்.

இரண்டாவது, கணக்கு. ஜிம்பாப்வேயில் ஒரு மாதச் சிறைக்கு 35 மணி நேர வேலை, பன்னிரண்டு மாதத்துக்கு 420 மணி. ஒரே குற்றத்துக்கு ஒரு கோர்ட்டில் இரண்டு நாள், பக்கத்து கோர்ட்டில் இரண்டு மாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே அப்படி ஒரு அட்டவணை வரும் வரை, ஒருவர் எத்தனை மணி நேரம் குப்பை அள்ளுவார் என்பது அன்றைக்கு இருக்கையில் இருக்கும் மாஜிஸ்திரேட்டைப் பொறுத்தது.

இனி நடத்துவது. இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, எல்லாம் சின்னச் சின்ன விவரம். ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். தினக்கூலி. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பிடிபட்டார், பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது. மாஜிஸ்திரேட் 70 மணி நேரம் என்கிறார். காலை 9 முதல் மாலை 5 வரை தொடர்ந்து பத்து நாள் என்று உத்தரவு போட்டால், பத்து நாள் கூலி போச்சு. மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார், பத்து நாள் கழித்து வேலையும் இருக்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழு மணி நேரம், பத்து ஞாயிறு. நியாயம்தான். இடம் எது? வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி, ஏனென்றால் தூரமாகப் போட்டால் மூன்றாவது வாரம் பஸ் காசு இல்லை என்று நின்றுவிடுவார். ஆனால் ஞாயிறு பள்ளி பூட்டியிருக்கும். சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார், ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. தலைமை ஆசிரியர் திங்கட்கிழமை வந்து, பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடுவாரா? போடுவார், அல்லது போட மாட்டார். இரண்டுமே திட்டத்தைக் கெடுக்கும்.

அப்புறம் வேலை. கொத்தனாரைத் துடைப்பத்தைக் கொடுத்து நிறுத்துவதைவிட, இடிந்துகிடக்கும் காம்பவுண்டு சுவரைக் கட்டச் சொன்னால் பள்ளிக்கும் லாபம், அவருக்கும் மானம். சிமெண்ட்டும் மணலும் யார் வாங்குவது? தலைமை ஆசிரியரிடம் அதற்கென்று ஒரு ரூபாய் கிடையாது. இந்த மாதிரித் திட்டங்கள் பல நாடுகளில் சொதப்பியது சம்பளம் இல்லாததால் அல்ல, மண்வெட்டியும் பெயின்ட்டும் இல்லாததால். ஆள் வந்து நிற்பார், கொடுக்க வேலை இருக்காது, மர நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அடுத்த முறை வரமாட்டார்.

ஆகவே முதலில் வேண்டியது இடங்களின் பட்டியல். ஒவ்வொரு மாஜிஸ்திரேட் கோர்ட்டின் எல்லைக்குள்ளும் எந்தப் பள்ளி, எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்த நூலகம் ஆள் ஏற்கத் தயார், எந்தெந்தக் கிழமை, எத்தனை பேர், என்ன வேலை, யார் கையெழுத்து என்று எழுதி, மாஜிஸ்திரேட் மேசையில் இருக்க வேண்டும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இதை வைத்துக்கொள்ளலாம். அதன் தலைவர் மாவட்ட நீதிபதி, கீழே ஊர் ஊராகச் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அன்றாடக் கண்காணிப்புக்கு நன்னடத்தை அலுவலர்தான் பொருத்தம். 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், குற்றவாளியின் வீடு, வேலை, குடும்பம் விசாரித்து அறிக்கை கொடுப்பது அவர்கள் அன்றாட வேலை. சிக்கல் எண்ணிக்கை. இருக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு இதையும் தலையில் கட்டினால், அவர்கள் பைலில் கையெழுத்து வாங்கி அனுப்புவார்கள், வேலை செய்யும் இடத்தை எட்டிப் பார்க்க நேரம் இருக்காது. புது இடங்கள் உருவாக்காமல் இதைச் செய்ய முடியாது.

இலங்கை இதில் நமக்கு முன்னால் போய்விட்டது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் சமூகம் சார்ந்த சீர்திருத்தத்துக்கென்று தனித் திணைக்களமே அங்கு உண்டு. அங்கேயும் சிறைக்குள் வரும் தண்டனைக் கைதிகளில் பெரும் பகுதி தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள், அவர்களை வெளியே வைத்தே தண்டிப்பதுதான் நோக்கம். எல்லாம் பிரமாதமாக நடக்கிறது என்று சொல்லவில்லை, சிறைகள் அங்கும் நிரம்பித்தான் வழிகின்றன. ஆனால் நீதிவான் உத்தரவு போட்டால் அடுத்த நாள் யாரிடம் போக வேண்டும் என்பதற்கு ஒரு அலுவலகம் இருக்கிறது.

தனியாரிடம் விட்டால் என்ன என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இங்கிலாந்து விட்டுப் பார்த்தது. 2014-15இல் நாடு முழுவதும் இந்த வேலையின் பெரும் பகுதியை ஒப்பந்த நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஒரு குழுவுக்கு அளவுக்கு மீறி ஆள் எழுதிவிட்டு, வந்தவர்களில் பலரை இடமில்லை என்று திருப்பி அனுப்பிய கதைகள் ஆய்வு அறிக்கைகளில் வந்தன. 2021 ஜூனில் எல்லாவற்றையும் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே காசைக் கொட்டியே இந்த நிலை. இதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு: கட்டாய உழைப்பு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29ஆவது உடன்படிக்கை, நீதிமன்றம் தண்டனையாகக் கொடுக்கும் வேலை அரசின் மேற்பார்வையில் நடக்க வேண்டும், தனியார் கையில் ஆளை ஒப்படைக்கக் கூடாது என்கிறது. இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. ஆகவே கம்பெனி வளாகத்தில் புல் வெட்டச் சொல்வது 'சமூக சேவை' ஆகாது.

என்ன வேலை என்பதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, இதை எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் படிக்க முடியாது. சமூக சேவை என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது கக்கூஸ் கழுவச் சொல்வது. 'அப்போதுதான் புத்தி வரும்' என்பார்கள். அந்த வேலையைத் தினமும் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் அதே வளாகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வேலை தண்டனைக்கு உரியது என்று நீதிமன்றமே சொல்வதாக அது ஆகாதா? இன்னொன்று, மேற்பார்வையாளர் ஒருவர் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு, இவனுக்குத் துடைப்பம், அவருக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை என்று பிரித்தால் என்ன செய்வது? கற்பனை இல்லை. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மாநிலங்களின் சிறைக் கையேடுகளிலேயே அந்தப் பிரிவினை எழுதியிருந்தது. சிறைக்கு வெளியே நடக்கும் வேலைக்கும் அதே விதி பொருந்த வேண்டும். என்ன வேலை என்பதை உத்தரவிலேயே மாஜிஸ்திரேட் எழுத வேண்டும், இடத்துக்குப் போன பிறகு யாரோ முடிவு செய்வதாக இருக்கக் கூடாது. அங்கே ஏற்கெனவே ஒருவர் கூலிக்குச் செய்யும் வேலையையும் கொடுக்கக் கூடாது, இலவச ஆள் வருகிறார் என்று ஒப்பந்தத் தொழிலாளியை நிறுத்திவிடுவார்கள்.

பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் போடாதவர்களைக் கொரோனா மையங்களில் சேவை செய்ய வைக்க வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அங்கே போய் நோய் வந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு விடை இல்லை. நம் கொத்தனார் ஏணியிலிருந்து விழுந்தால் என்ன என்பதற்கும் இன்று விடை இல்லை. ஒரு சின்ன விபத்துக் காப்பீடு இல்லாமல் தலைமை ஆசிரியர்கள் ஆள் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

வராதவரை என்ன செய்வது? இங்கிலாந்தில் தக்க காரணமில்லாமல் முதல் முறை வராவிட்டால் எழுத்தில் எச்சரிக்கை, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது முறை என்றால் கோர்ட்டுக்கு. கறாரானது, ஆனால் ஆளுக்கும் முன்கூட்டியே தெரியும். ஞாயிறு காலை வரவில்லை என்றால் அன்றைக்கே ஒரு போன், அந்த வாரத்துக்குள் ஒரு கடிதம். பலர் வராமல் இருப்பது திமிரால் அல்ல, சொந்தத்தில் சாவு, குழந்தைக்குக் காய்ச்சல், அல்லது மேஸ்திரி இரட்டைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டது. இரண்டு மாதம் யாரும் கேட்காமல் விட்டுவிட்டுத் திடீரென்று பிடிவாரண்ட் அனுப்புவதுதான் மோசமான வழி, நம் ஊரில் நடக்க அதிகம் வாய்ப்புள்ளதும் அதுதான்.

ஏனென்றால் செய்யாமல் விட்டால் விளைவு பெரிது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 8ஆவது பிரிவு, அபராதம் கட்டாததற்கும் சமூக சேவை செய்யாததற்கும் சேர்த்தே வெறுங்காவல் (கடின உழைப்பு இல்லாத சிறை) வரம்பு சொல்கிறது: அபராதம் 5,000 வரை என்றால் இரண்டு மாதம், 10,000 வரை என்றால் நான்கு மாதம், மற்றபடி ஒரு வருடம். அளவுகோல் அபராதத் தொகை. அபராதமே இல்லாமல் சமூக சேவை மட்டும் என்றால் எந்தப் படியில் வரும்? எழுத்தை அப்படியே படித்தால் 'மற்றபடி' என்ற கடைசிப் படியில் தள்ள இடம் இருக்கிறது. மூவாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு, வேலைக்கு வராததற்காக ஒரு வருடம் என்பது சட்டம் எழுதியவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். உயர் நீதிமன்றங்கள் இதை நேர் செய்யும் வரை வழக்கறிஞர்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பைக் ரேஸ் விட்ட பையன்களை அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் உதவி செய்யச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுகள் 2022இல் செய்தியாயின. அவை ஜாமீன் நிபந்தனைகள், தண்டனை அல்ல. குற்றம் நிரூபணமாகாதவருக்குப் போட்டது. செய்தி படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். சட்டத்தில் ஒன்றல்ல, ஜாமீன் நிபந்தனையை மாற்றச் சொல்லி மனுப் போடும் வழி வேறு, தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழி வேறு.

இன்றைக்கே உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தத் தண்டனை வந்தால், உத்தரவு கையெழுத்தாகும் முன் வழக்கறிஞர் மூலம் ஐந்து விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மொத்தம் எத்தனை மணி, எந்த இடம், என்ன வேலை, எந்தக் கிழமைகளில், பதிவேட்டில் யார் கையெழுத்து. வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பதிவேட்டின் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த நிறுவனத் தலைவரிடம் முடித்ததற்கான சான்று வாங்கி, அதை நீங்களே கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். அனுப்பி வைப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள். தாக்கல் செய்த அன்று கோர்ட் டைரியில் பதிந்தார்களா என்று பெஞ்ச் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் செய்து முடித்த வேலைக்கே ஒரு நாள் வாரண்ட் வந்து நிற்கும்.